ஓட்டமும் ஒரு வெள்ளியும்



“ஓட்டத்துக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் என்ன சார் சம்பந்தம்? என் பிள்ளை ஓடினால் இன்னொரு பிள்ளையின் நோய் தீர்ந்துவிடுமா?” புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக நெடுந்தூர ஓட்டம் நடக்கிறது, ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று துண்டறிக்கை வரும்போதெல்லாம் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். பாசிர் கூடாங் வட்டாரத்தில் தோட்டத்தில் பாதியும் தொழிற்சாலையில் பாதியுமாகப் பிழைப்பு நடத்தி, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? இன்றைய பேச்சில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பார்க்கிறேன். அதற்கு முதலில், இந்த ஓட்டங்களுக்கு வழிகாட்டிய ஓர் இளைஞரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் டெர்ரி ஃபாக்ஸ். கனடா நாட்டில் 1958-ஆம் ஆண்டு பிறந்தவர். கூடைப்பந்தாட்டத்தில் பிரியம் உள்ளவர். பதினெட்டு வயதில் வலது முழங்காலில் வலி வந்தது. விளையாடுகிற பிள்ளைக்கு முழங்கால் வலிக்காதா என்ன? எங்கோ இடித்துக்கொண்டதன் வலி என்று அவரும் பொறுத்துக்கொண்டு ஆடினார். 1977 மார்ச்சில் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தபோது எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே வருகிற நோய் அது.

அப்போது மருத்துவர் அவரிடம் சொன்ன ஒரு கணக்குத்தான் இந்தக் கதைக்கே ஆணிவேர். இதே நோய் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வந்திருந்தால், பிழைப்பவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்தானாம். இப்போது நூற்றுக்கு ஐம்பது பேராம். நோய் மாறவில்லை, மனித உடம்பும் மாறவில்லை. அந்த இடைக்காலத்தில் ஆராய்ச்சி புதிய மருந்துமுறையைக் கொண்டுவந்திருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

சிகிச்சைக்காக மருத்துவமனையில் பல மாதங்கள் போய்வந்த நாட்களில், தம்மைவிடச் சிறிய குழந்தைகள் இதே நோயோடு போராடுவதை டெர்ரி பார்த்தார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அதற்காகக் கனடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடுகிறேன் என்று முடிவெடுத்தார். 1980 ஏப்ரல் 12-ஆம் நாள் செயின்ட் ஜான்ஸ் என்னும் துறைமுகப் பட்டணத்தில், தம் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல்நீரில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். நாம் பாசிர் கூடாங்கிலிருந்து ஜொகூர் பாரு நகரத்துக்குப் பேருந்தில் போகிறோமே, அதைவிடக் கூடுதலான தூரம். ஒரு கால் தசையும் இரத்தமும். மறு கால் உலோகமும் நெகிழியும். நல்ல காலால் இரண்டு முறை தத்தி, செயற்கைக் காலை ஒரு முறை எடுத்து வைத்து, தத்தித் தத்தித்தான் அவர் ஓடினார். காலின் அடிப்பகுதி உராய்ந்து இரத்தம் கசியும். மறுநாள் விடிவதற்குள் மீண்டும் சாலைக்கு வந்துவிடுவார்.

தொடக்கத்தில் அவரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்றொரு சிறிய துறைமுக ஊர். மக்கள்தொகை பத்தாயிரம் அளவில்தான். அவர்கள் பத்தாயிரம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர்! ஓர் ஊரால் முடிந்தது நாட்டால் முடியாதா? கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரட்டும் என்று டெர்ரி கேட்கத் தொடங்கினார். அன்றைய கனடாவின் மக்கள்தொகை சுமார் 24 மில்லியன்.

அவர் மறுகரையைத் தொடவில்லை. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடியபின், 1980 செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே என்னும் ஊருக்கு அருகே நெஞ்சுவலியும் இருமலும் அவரை நிறுத்திவிட்டன. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. நம்முடைய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரைக்கும் ஏறக்குறைய ஏழு தடவை ஓடியதற்குச் சமமான தூரம் அது. 1981 பிப்ரவரியில் அவர் கேட்ட 24 மில்லியன் டாலர் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், இருபத்திரண்டு வயதில் அவர் இறந்தார். செப்டம்பர் 13-ஆம் நாள் அவர் பெயரால் முதல் ஓட்டம் நடந்தது. மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். மூன்றரை மில்லியன் டாலர் திரண்டது.

அன்று தொடங்கியது பிறகு பல நாடுகளுக்குப் பரவிற்று. கோலாலம்பூரில் நடந்திருக்கிறது, சிங்கப்பூரில் நடந்திருக்கிறது, சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறார்கள். இந்த ஓட்டத்தின் விதிகளில் எனக்குப் பிடித்தது, இது போட்டி அன்று என்பதுதான். முதல் பரிசு கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டாயமில்லை. மனமுவந்து கொடுப்பதே பணம். ஓட முடியாதவர் நடக்கலாம். நடக்க முடியாதவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். பள்ளியில் குறுக்கோட்டம் நடத்தி, பின்னால் வருகிற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அதற்கு இடமில்லை.

தலைக்கு ஒரு வெள்ளி என்றதும் நம்முடைய பெரியவர்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார்களே, கோ. சாரங்கபாணி அவர்கள் முன்னின்று நடத்திய அந்த முயற்சியில், பால்மரம் வெட்டுகிற கைகளும் ஒவ்வொரு வெள்ளியாகக் கொடுத்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும், தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய சிறு தொகைகள்தான் தோட்டங்களை விலைக்கு வாங்கின. சிறு பணம் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, சேர்ந்த பணம் எங்கே போகிறது? ஆராய்ச்சி என்கிறார்களே, அது என்ன? இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. இதில் நம் வீட்டுப் பொருள் ஒன்றும் வருகிறது, கேளுங்கள்.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கடுமையான இரத்தச் சோகையால் வாடினார்கள். காரணம் தேடி அலைந்த அவர், ஈஸ்டிலிருந்து செய்த மார்மைட் கொடுத்தால் அவர்களுக்கு இரத்தம் ஊறுவதைக் கண்டார். ஆம், நம் கடைகளில் கறுப்புப் புட்டியில் விற்கிறதே, கஞ்சியில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே, அதே மார்மைட்தான்! அதிலிருந்த சத்துக்குப் பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் மாத்திரையாகத் தருகிறார்களே, அதுதான்.

இரத்த அணுக்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அப்படியானால், கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய் அணுக்களுக்கும் அது தேவைதானே? அந்தச் சத்தைப் போலவே உருவம் கொண்ட, ஆனால் பயன்படாத ஒரு போலிப் பொருளைக் கொடுத்தால் என்ன? பூட்டுக்குள் நுழைகிற, ஆனால் திறக்காத சாவியைச் செருகிவிட்டால், சரியான சாவிக்கு இடமில்லாமல் போகும் அல்லவா? அமெரிக்காவில் அந்தப் போலிச் சாவியைச் செய்த ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் தெலுங்கு நாட்டுப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய கூடத்து மருந்தை பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் சாகும் நிலையிலிருந்த பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. 1948-இல் இச்செய்தி வெளியாயிற்று. தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும், அதுவரை எதற்கும் அசையாத நோய் முதல் தடவையாக அசைந்தது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். தம் உழைப்பின் முழுப் பலனை அவர் காணவில்லை. அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

வானொலியில் பேசுகிறபோது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே 1948 மே மாதத்தில், ஃபார்பரின் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவனை ‘ஜிம்மி’ என்ற புனைபெயரில் அமெரிக்க வானொலியில் பேசவைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் படுக்கையருகில் வந்து நின்றார்கள். கேட்ட மக்கள் நாணயங்களாகவும் தாள்களாகவும் அனுப்பிய பணம் அந்த ஆண்டிலேயே இரண்டு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஜிம்மி பிழைத்தான், வளர்ந்து, குடும்பஸ்தனாகி, அறுபது வயதையும் கடந்து வாழ்ந்தான்.

இன்னொரு மருந்தின் மூலப்பொருள் நம் லயத்து வாசலிலேயே பூக்கிறது: நித்தியகல்யாணி. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டீன் 1960-களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. உடனே யாரும் இலையைப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அது நஞ்சு. கிலோ கிலோவாக உலர்த்திய இலையிலிருந்து துளியளவு மருந்தைப் பிரித்து, குழந்தையின் உடல் அளவுக்கு ஏற்ப நரம்பில் ஏற்றுவதற்கும், கொதிக்கவைத்துக் குடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இவை எல்லாம் எங்கோ தூர தேசத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். நாம் கரையில் நின்று பார்க்கிற ஜொகூர் நீரிணையின் இரு பக்கத்தாரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அதில் முக்கியப் பங்கு கொண்டன. ‘மா-ஸ்போர்’ என்று அதற்குப் பெயர். 2002 முதல் 2011 வரை 556 குழந்தைகளுக்கு அம்முறையில் சிகிச்சை நடந்தது.

அவர்கள் கையாண்ட வழி இதுதான். மருந்து கொடுக்கத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துக் குழந்தையின் எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சோதிப்பார்கள். பத்தாயிரம் அணுக்களில் ஒரே ஒரு நோய் அணு மிஞ்சியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை அது. நோய் நன்றாக ஒழிந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு மருந்தின் கடுமையைக் குறைப்பார்கள். மிஞ்சியிருந்தால் கூட்டுவார்கள். எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவுக் கடுமையான மருந்தால் வதைக்க வேண்டியதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில் நூற்றுக்கு 88 குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள். 2012-இல் முடிவுகள் வெளியாயின. மஜ்ஜையைச் சோதிக்கிற கருவிக்கும், அதை இயக்கப் பயிற்சி பெற்றவருக்கும், ஆண்டுக்கணக்கில் கணக்கு எழுதி வைப்பவருக்கும் பணம் வேண்டும். அரசாங்கப் பணத்தோடு பொதுமக்களின் நன்கொடையும் இப்படிப்பட்ட வேலைகளைத் தாங்குகிறது. ஓட்டத்தில் சேர்கிற வெள்ளி போய்ச் சேரும் இடம் இதுதான்.

இப்போது சற்றுக் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் புற்றுநோய் வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடக் குணமாவதில்லை. அதே நோய், அதே மருந்து. பின் ஏன்? நோயைக் கண்டுபிடிக்கத் தாமதம், மருந்து கிடைக்காமை, கிடைத்தும் பாதியில் நிறுத்திவிடுவது. இந்தப் பாதியில் நிறுத்துவது இருக்கிறதே, அது நம்மிடையேயும் நடக்கிறது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே காய்ச்சல் நின்று, முகம் தெளிந்து, குழந்தை பசியாறத் தொடங்கிவிடும். பாட்டிக்குப் பேரனின் கொட்டிப்போன தலைமுடியைப் பார்க்கப் பொறுக்காது. “பிள்ளைதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு ஊசி?” என்பார். மருத்துவமனைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் தகப்பனுக்குச் சம்பளம் போகும். யாரோ ஒருவர் நாட்டு மருந்துக்கு வழி சொல்வார். அப்படி நிறுத்திய வீடுகளில் நோய் திரும்பி வரும்போது முன்னைவிட வலுவோடு வருகிறது.

பணமும் போக்குவரத்தும் தடையாக இருந்தால் அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகநல அதிகாரி இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் கேளுங்கள். நம் வட்டாரத்தாருக்கு ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. கோயிலில் அர்ச்சனை செய்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அர்ச்சனையை முடித்துக்கொண்டு, ஊசி போடுகிற நாளைத் தவறவிடாமல் போங்கள்.

அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், முகமும் உதடும் வெளுத்துப் போவது, அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்புகள், இரவில் குழந்தையை எழுப்பிவிடுகிற எலும்பு வலி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி, புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது. பெரும்பாலும் இவை சாதாரண நோயாகவே இருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் காட்டி, இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இது தொற்றுநோய் அன்று. சிகிச்சை முடிந்து பள்ளிக்கு வருகிற பிள்ளையின் பக்கத்தில் உங்கள் பிள்ளை தாராளமாக உட்காரலாம். குழந்தைகளின் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இன்ன காரணம் என்று விரல்நீட்டிக் காட்ட எதுவும் இல்லை. ஆகவே பெற்ற தாயைப் பார்த்து, நீ அதைத் தின்றாய், இதைப் பார்த்தாய் என்று குறை சொல்வதை விட்டுவிடுங்கள்.

ஓட்டத்துக்குத் திரும்புவோம். துண்டறிக்கை வந்தால் என்ன செய்வது? முதலில், நடத்துகிறவர் பதிவு பெற்ற அமைப்புதானா என்று பாருங்கள். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு ரசீது கொடுக்கிறார்களா, பணம் எந்த ஆராய்ச்சிக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: கட்டணம் அறுபது வெள்ளி, அதில் சட்டைக்கும் பதக்கத்துக்கும் பைக்கும் நாற்பத்தைந்து வெள்ளி போனால், ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது பதினைந்து. பதக்கம் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாமே!

பள்ளித் திடலிலேயே நாம் நடத்தினால் செலவே இல்லை. பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஐந்து பேர், ஒரு கிலோமீட்டருக்கு இருபது காசு என்று அதில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். நூறு பிள்ளைகள் மூன்று கிலோமீட்டர் முடித்தால் முந்நூறு வெள்ளி. வெயில் ஏறுமுன், காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். சுற்றுக்கு ஓரிடத்தில் தண்ணீர் வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் நடக்கட்டும். சாலையில் ஓடுவதாக இருந்தால் போலீஸ் அனுமதி இல்லாமல் கூடாது. பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருவர் எண்ணிக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். ஆராய்ச்சி அமைப்பிடமிருந்து ரசீது வந்ததும், அட்டைகளின் மொத்தக் கணக்கையும் அந்த ரசீதையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். இருபது காசு கொடுத்த பாட்டியும் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.